மூக்கு காட்டும் மணி

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஏழு மணிக்கு முன் சூரியன் வருவதில்லை. பிப்ரவரியில் ஏழரையும் தாண்டிவிடும். 1982 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதிலிருந்து பினாங்கில் உச்சிப்பொழுது ஒரு மணிக்கு மேல்தான். பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே சீருடை மாட்டிக்கொண்டு சாலையோரம் நிற்கிறார்கள். இங்கே நெடுநாள் தங்கிவிட்ட எனக்குக் கடிகாரத்தைவிட மூக்கின்மேல் நம்பிக்கை அதிகம்.

விடியலில் முதலில் வருவது கோப்பி வாசனை. கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கன்னங்கரேல் என்று வறுத்திருப்பார்கள். துணி வடிகட்டியில் வெந்நீர் விழுந்ததும் பாகு முறிந்தது போல ஒரு கசப்பு தெருவுக்கு வந்துவிடும். அதற்கு முன்பே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் பாங்கு முடிந்திருக்கும். 1801-இல் இங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளி அது. அதே சாலையில் சிறிது நடந்தால் சீனர்களின் கருணைத் தாய் கோவில். முற்றத்தில் ஆளுயர ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும். அதைத் தாண்டி குவீன் தெரு மாரியம்மன் கோவில் மணி. 1833-இல் எழுந்த கோவில். மூன்றும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. எந்தப் புகை, எந்த மணி என்று தூக்கக் கலக்கத்திலும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்று பூக்கடை அக்கா கேட்பது எட்டு மணி. பதினொன்றை நெருங்கினால் நாசி கண்டார் கடைகளிலிருந்து மீன்தலைக் கறியும் வறுத்த கோழியும் மணக்கும். தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியும் தொங்க, துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்றுக்கொண்டு போன தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு. இன்று கம்பு இல்லை. ஆனால் நாலு குழம்பையும் ஒரே தட்டில் கலந்து ஊற்றும் கை அப்படியே இருக்கிறது. அந்தக் கலவையை எந்த ஊரிலும் வீட்டில் செய்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

மழை இங்கே அறிவித்துவிட்டு வராது. காற்று ஒரு நிமிடம் நின்றுபோகும், மைனாக்கள் கூச்சலை நிறுத்தும், அவ்வளவுதான். கொட்டும்போது யாரும் ஓடுவதில்லை. கடைகளின் முன்னால் தொடர்ந்து போகும் அஞ்சடி நடைபாதைக்குள் ஒதுங்கி, நனையாமல் ஒரு தெருவைக் கடந்துவிடலாம். இடையில் ஒரு கடையில் கருவாடு, அடுத்ததில் மல்லி, சீரகம், அதற்கடுத்ததில் சீன மருந்து வேர்கள். ஈரக் காற்றில் வாசனை மேலே போகாமல் முழங்கால் மட்டத்திலேயே தேங்கி நிற்கும். இந்த ஊரை அறிய விரும்புகிறவர்களை நான் மழையில்தான் நடக்கச் சொல்வேன்.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. பனிக்காலம் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. மாதங்களையும் மூக்குதான் சொல்கிறது. வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்த சில நாட்களில் சாலையோர அங்சானா மரங்கள் ஒரே நாளில் மஞ்சளாகப் பூக்கும். மறுநாள் அத்தனையும் தரையில். ஜூனில் மலைக்கு அந்தப்புறம் பாலிக் புலாவிலிருந்து டுரியான் வரும். ஓட்டல் வாசல்களில் டுரியானுக்குத் தடை போட்ட பலகைகள் இருந்தாலும், சுற்றியுள்ள தெருவே அந்த வாசனையில் முழுகியிருக்கும். தின்று முடித்ததும் பழத் தொலியின் குழிவில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவச் சொல்வார்கள், நாற்றம் போய்விடுமாம். எனக்குப் பாதிதான் போனது, அதில் குறையும் இல்லை. சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோர்களுக்காகக் காகிதப் பணம் எரியும் சாம்பல் துணி காயப்போட்ட கொடிவரை பறந்து வரும். தைப்பூசத்தில் 1894 முதல் ஓடும் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தமிழரும் சீனரும் தேங்காய் மலையை உடைத்துத் தள்ளுவார்கள். மறுநாள் வெயில் ஏற ஏற, இளநீர் புளித்த வாசனை அந்தச் சாலையை விட்டுப் போகாது.

இந்த வாசனைகள் எதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இல்லை. 2008-இல் இந்த நகரம் உலக மரபுச் சின்னமானபோது முகப்பும் ஓடும் தூணும் காப்பாற்றப்பட்டன. அது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு முன்பே, 2000-த்தின் தொடக்கத்தில், பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிந்துபோயிருந்தது. வாடகை ஏறியதும் பழைய குடும்பங்கள் புறநகர் அடுக்கு மாடிகளுக்குப் போயின. மசாலா அரைத்த வீட்டில் இப்போது தங்கும் விடுதி. சுவரில் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். உள்ளே குளிரூட்டி, எலுமிச்சைப்புல் தைல வாசனை. உலகத்தின் எந்த விடுதியிலும் அதே தைலம்தான். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆட்கள் குடியிருந்து சமைத்துத் தொழில் செய்தால்தான் ஒரு தெருவுக்கு வாசனை இருக்கும், கட்டடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்ற முடியாது.

நல்லவேளையாக, நகரத்தின் நடுவில் பல வீடுகள் இன்னும் பள்ளிவாசல் வக்ஃபு சொத்தாகவும் சீனக் குலச் சங்கங்களின் சொத்தாகவும் இருக்கின்றன. லாபம் ஒன்றையே பார்த்தாக வேண்டிய கட்டாயம் இந்த உரிமையாளர்களுக்கு இல்லை. அடுத்த முறை ஒரு வீடு காலியாகும்போது, அதிக வாடகை தருபவரைத் தேடுமுன், விடியுமுன் அடுப்பு மூட்டும் ஒருவர் கிடைப்பாரா என்று அவர்கள் பார்க்க வேண்டும். ஊதுவத்தி உருட்டுகிறவரும் கோப்பி வறுக்கிறவரும் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு வீடுதான் கிடைப்பதில்லை.