ஒற்றைக் கண் கார்

மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருட்டின பிறகு கார் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? எதிரே வருவதெல்லாம் தொழிற்சாலை லாரியும் கம்பெனி பஸ்ஸுந்தான். உங்கள் காரில் முன்விளக்கு ஒன்று அணைந்திருந்தால், எதிரே வருகிற டிரைவர் மோட்டார் சைக்கிள் என்றெண்ணி ஒதுங்காமலே வந்துவிடுவார். பல்பை உடனே மாற்றியாக வேண்டும். அது ஒன்றும் பிரம்மவித்தையல்ல. ஆனாலும் இரண்டு பல்புகளைப் பாழாக்கிய பிறகுதான் எனக்கு அந்த வித்தை கைவந்தது!

என் தவறு என்ன தெரியுமா? பல்பின் கண்ணாடியை விரலால் பிடித்ததுதான். இன்னும் பல கார்களில் இருப்பது ஹாலஜன் பல்பு. அதன் சிறு குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். எரியும்போது கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் சூடேறும். தோசைக்கல் தோற்றது போங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகக் காய்ந்து, பல்பு சீக்கிரம் போய்விடும். சில சமயம் வெடிப்பதும் உண்டு. ஆகையால் அடிப்பாகத்தை மட்டும் பிடியுங்கள். தப்பித் தவறி விரல் பட்டுவிட்டால் சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

லாரிகள் பறக்கும் சாலையோரத்தில் இந்தக் காரியம் வேண்டாம். வீட்டு வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி தானே சுழலக்கூடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ட் பாட்டரிதானே, ஷாக் அடிக்காதே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அதன் பாஸிடிவ் முனையையும் காரின் இரும்பையும் தங்க வளையல் சேர்த்துத் தொட்டால், நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைப் பொசுக்கிவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு குனியுங்கள்.

"100 வாட் போடுங்கம்மா, பட்டப்பகல் மாதிரி இருக்கும்" என்பார் கடைக்காரர். ஏமாறாதீர்கள். எச்-4 பல்பானால் 60/55 வாட்தான் சரி. மிஞ்சினால் ஒயரும் ஹோல்டரும் உருகும். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும்.

ஸெனான் விளக்கைத் தொடவே வேண்டாம். பற்றவைக்க அது சுமார் 20,000 வோல்ட்டை எழுப்புகிறது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மாற்றியானதும் ரப்பர் மூடியை மறக்காமல் பொருத்தி, சுவரில் இரண்டு விளக்கையும் எரியவிட்டு உயரம் சமமா என்று பாருங்கள். பழைய பல்பைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றியே குப்பையில் போடுங்கள். குப்பை அள்ளுகிறவரும் வெறுங்கையாலேதான் எடுக்கிறார்.