எல்லையில் நிற்கும் எண் எந்தப் பக்கம்?

கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யாது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். கூட்டல் கழித்தலில் அது உண்மைதான். ஆனால் எண்களைப் பிரிவுகளாகப் பிரித்து நிகழ்வெண் அட்டவணை போடச் சொன்னால், நாம் சொல்லாமல் விட்ட ஒன்றை அதுவே முடிவு செய்துகொள்ளும். அதைக் கவனிக்காமல் அட்டவணையை பிரிண்ட் எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து.

ஓர் உதாரணம் பார்ப்போம். மருத்துவ முகாம் ஒன்றில் பத்துப் பெண்களின் ஹீமோகுளோபின் அளவை எக்ஸெல்லில் டைப் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகள்: 10.4, 11.2, 11.8, 12.0, 12.0, 12.3, 12.7, 13.0, 13.1, 13.6. கர்ப்பிணி அல்லாத வயது வந்த பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் ரத்த சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சரியாக 12.0 என்றால் ரத்த சோகை இல்லை. ஆக, பட்டியலில் ரத்த சோகை உள்ளவர்கள் மூன்று பேர்.

இப்போது 11, 12, 13 என்று எல்லைகளைக் கொடுத்து 'பிரீக்வன்சி' பங்ஷனைப் பயன்படுத்துங்கள். 1, 4, 3, 2 என்று விடை வரும். முதல் இரண்டையும் கூட்டினால் 12 வரை ஐந்து பேர்! மூன்று எப்படி ஐந்தானது?

பள்ளியில் 11–12, 12–13 என்று பிரிவு எழுதினால், 12 இரண்டாவது பிரிவில் சேரும் என்று படித்திருப்போம். எக்ஸெல் இதற்கு நேர்மாறு. கொடுத்த எல்லையையும் அதற்குக் கீழே உள்ளதையும் ஒரே பிரிவில் சேர்த்துவிடும். டேட்டா அனாலிசிஸில் உள்ள ஹிஸ்டோகிராமும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' சாப்ட்வேரும், நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை, மேல் எல்லையைப் பிரிவுக்குள்தான் வைக்கும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தாலும் சரியாகப் பத்து வரும். அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை.

"ஆயிரக்கணக்கான எண்கள் இருந்தால் எல்லையில் எத்தனை விழப்போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். அளவுகளை ஒரு தசமத்துக்குச் சுருக்கித்தானே எழுதுகிறோம்? அப்போது சரியாக 12.0 என்று நிற்பவை நிறையவே இருக்கும். அதோடு, சிகிச்சையா இல்லையா, பாஸா பெயிலா என்ற முடிவுகளெல்லாம் அந்த எல்லையில்தான் எடுக்கப்படுகின்றன.

தீர்வு எளிது. எக்ஸெல்லில் 'கவுண்ட்இஃப்ஸ்' பங்ஷனை எடுத்துக்கொண்டு, "11 அல்லது அதற்கு மேல், ஆனால் 12க்குக் கீழ்" என்று இரண்டு நிபந்தனைகளையும் நீங்களே கொடுங்கள். 'ஆர்' என்றால் 'கட்' பங்ஷனில் 'ரைட்' என்பதற்கு 'ஃபால்ஸ்' கொடுங்கள். எஸ்பிஎஸ்எஸ் வைத்திருப்பவர்கள் விஷுவல் பின்னிங் டயலாக் பாக்ஸில் மேல் எல்லையைச் சேர்ப்பதா, விலக்குவதா என்று தேர்வு செய்யலாம்.

எத்தனை பிரிவுகள் என்பதையும் சாப்ட்வேரிடம் விடாதீர்கள். எல்லைகளைக் காலியாக விட்டால் எக்ஸெல் சம அகலத்தில் தானே பிரித்துக்கொள்ளும். 'ஆர்' ஹிஸ்டோகிராம், ஸ்டர்ஜஸ் 1926ல் சொன்ன சூத்திரத்தின்படி எண்ணிக்கையை முடிவு செய்யும். இரண்டுக்குமே 12 என்பது ரத்த சோகையின் எல்லை என்று தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை அட்டவணை போட்டதும் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். சரியாக எல்லையில் நிற்கும் ஓர் எண்ணை எடுத்து, அது எந்தப் பிரிவில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரிண்ட் பட்டனை அதற்குப் பிறகு தட்டுங்கள்!