மிதிவண்டி மிதிப்பதற்கே!

பழம்பொருளைப் போற்றுதல் நன்று. அதில் எமக்கு மாறுபாடு இல்லை. போற்றுதல் என்பது யாது என்னும் வினாவில்தான் அண்மைக் காலத்தில் ஒரு மயக்கம் புகுந்திருக்கின்றது. பழைய ராலே, பி.எஸ்.ஏ., ஹம்பர், சன்பீம் முதலிய மிதிவண்டிகளைத் தேடித் தேடி வாங்குவோர் இன்று நம் பெருநகரங்களில் பெருகியுள்ளனர். வாங்குவது ஓட்டுவதற்காகவா எனின், அன்று. காற்றை இறக்கி, உறையிட்டு மூடி, அறையில் பூட்டி வைக்கின்றனர். 'இத்துணை அரிய வண்டியைத் தெருவில் இறக்கலாமா?' என்று ஓட்டுவோரைப் பார்த்துக் குறை கூறவும் செய்கின்றனர். இறக்கத்தான் வேண்டும் என்பது எம் கட்சி. அதற்கான காரணங்களைத் தமிழன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதற்கண், மிதிவண்டி எதற்காகப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட 'ரோவர்' வண்டியை அமைத்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். இம்மாற்றங்கள் எல்லாவற்றிற்கும் நோக்கம் ஒன்றே: மனிதன் தன் கால் வலிமையால் மேலும் எளிதாக, மேலும் தொலைவு செல்லவேண்டும். பழைய வண்டிகளில் நாம் காணும் அழகும் இந்நோக்கத்தின் வழியே வந்ததுதான். பயனை நீக்கிவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொள்வேன் என்பது, குரலை நீக்கிவிட்டுப் பாடகரை மேடையில் அமர்த்துவது போன்றது.

சன்பீம் வண்டியையே எடுத்துக்கொள்வோம். சேகரிப்போர் பெரிதும் விரும்பும் வண்டி இது. இதன் பெருமைக்குக் காரணம், சங்கிலியை முழுவதும் மூடிய எண்ணெய்ப் பெட்டி. பெட்டியின் அடியில் சிறிது எண்ணெய் நிற்கும். பெடல் சுழலச் சுழலச் சங்கிலி அதில் தோய்ந்து மேலேறும். சுழலாவிடில் எண்ணெய் அடியிலேயே தங்கும். மேற்சங்கிலி வறண்டு கிடக்கும். டைனமோ விளக்கும் அத்தகையதே. சக்கரம் உருண்டாலன்றி அதில் ஒளி இல்லை. இவற்றைச் செய்த தொழிலாளர், ஓடும் வண்டிக்கே இவற்றைச் செய்தனர். நிற்கும் வண்டியில் அவர்தம் திறமை வெறும் இரும்பாகவே எஞ்சுகின்றது.

'ஓட்டினால் தேயும், வைத்திருந்தால் நிலைக்கும்' என்பது எதிர்க்கட்சியாரின் முதல் வாதம். ஓட்டினால் தேயும் என்பது உண்மை. வைத்திருந்தால் நிலைக்கும் என்பது பொய். காற்றில்லாமல் நிற்கும் வண்டியில் டயர் தரையில் அழுந்திய இடத்திலேயே மடிந்து வெடிக்கின்றது. ஹப்பினுள் இட்ட கிரீஸ் இறுகி மெழுகாகின்றது. ஃப்ரீவீலின் உள்ளே உள்ள பற்கள் ஒட்டிக்கொள்கின்றன. தோல் சீட் உலர்ந்து பிளக்கின்றது. மழைக்காலத்து ஈரம் குழாயினுள் புகுந்தால், வெளியே பளபளப்பு மாறாதிருக்க உள்ளே துருவேறுகின்றது. ஓட்டுபவன் இவற்றையெல்லாம் உடனே அறிவான். சத்தம் அவனுக்குச் சொல்லிவிடும். பூட்டி வைத்தவன் அறியான். மேலும், ஓட்டுவதால் தேய்பவை பெரும்பாலும் மாற்றத்தக்கவை: டயர், டியூப், பிரேக் கட்டை, சங்கிலி, குண்டுகள். கண்காட்சிக்காகச் செய்யப்படும் மெருகோ மாற்ற முடியாததை அழிக்கின்றது. பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசியபின், தொழிற்சாலையில் கையால் இட்ட பொற்கோட்டை எவர் மீட்பார்?

'உதிரி உறுப்புகள் கிடைக்கமாட்டா' என்பது இரண்டாம் வாதம். இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கின்றது. இங்கிலாந்தின் பழைய பெருவண்டிகளுக்குரிய 28-க்கு 1½ அளவுள்ள டயர் நம் நாட்டில் இன்றும் செய்யப்படுகின்றது. ஏன்? நம் ஊர்களில் பால்காரரும் தச்சரும் காய்கறி விற்போரும் அவ்வகை வண்டியை இன்றளவும் மிதித்து வருவதனால். கேட்பார் உள்ள பொருளைத்தான் ஆலைகள் செய்யும். எல்லோரும் அறைக்குள் பூட்டி வைத்திருந்தால் அந்த அளவே உலகினின்று மறைந்திருக்கும். ஆகவே உதிரி உறுப்புகளைக் காத்து வந்தவர் ஓட்டியவரே.

உலகில் பிறர் இதனை எவ்வாறு காண்கின்றனர்? இத்தாலியில் டஸ்கனி வட்டாரத்துக் கையோலே இன் கியான்தி என்னும் சிற்றூரில் 1997-இல் 92 பேருடன் 'லெரோய்க்கா' என்னும் ஓட்டம் தொடங்கியது. 1987-க்கு முற்பட்ட பாணியிலான பந்தய வண்டிகளுக்கே அங்கு இடம். அவை ஓடுவதும் தார் இடப்படாத வெண்மண் சாலைகளில். பழைய வண்டிகள் வேண்டியிருந்ததனால் அப்பழைய சாலைகளைக் காக்கும் எண்ணமும் வலுப்பெற்றது. நம் தில்லியிலோ, 1964-இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய பழங்கார்களின் அணிவகுப்பு, கார்களைச் சாலையில் ஓட்டிக் காட்டுவது. 1855-இல் செய்யப்பட்டு 1909-இல் ஓய்வு பெற்ற 'ஃபேரி குவீன்' நீராவி எஞ்சினை, 1997-இல் தில்லியிலிருந்து ஆல்வார் வரை ஓட்டிக் காட்டியது நம் ரயில்வே. நூற்று நாற்பதாண்டு கடந்த எஞ்சினுக்குக் கிட்டிய பேறு, எழுபதாண்டு மிதிவண்டிக்குக் கிட்டலாகாதா? நெடுங்காலம் நின்றிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970-இல் மீண்டும் ஓடியபோது, அதற்கு இரும்பு அச்சும் புதிய பிரேக்கும் பொருத்தப்பட்டன. தேரின் தொன்மை கெட்டது என்று எவரும் கூறவில்லை. தேர் ஓடியது என்றே மகிழ்ந்தனர்.

எல்லா வண்டிகளையும் ஓட்டியே தீர்க்கவேண்டும் என்று யாம் பிடிவாதம் செய்யவில்லை. தன் இனத்தில் ஒன்றே எஞ்சியிருக்கும் வண்டியும், வரலாற்று நிகழ்ச்சிக்குச் சான்றான வண்டியும் பொதுக் காட்சியகத்தில் நிற்றல் தகும். 1972 அக்டோபர் 25-இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்த வண்டி, பிரஸ்ஸெல்ஸில் அவர் பெயர் தாங்கிய மெட்ரோ நிலையத்தில் வைக்கப்பட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்லும் இடம் அது. அது தன் ஓட்டத்தை ஓடி முடித்த வண்டி; நிற்பதும் ஊர் காண நிற்கின்றது. யாம் எதிர்ப்பது, ஊரும் காணாமல் உடையவனும் ஓட்டாமல் விலை ஏறும் நாளை எதிர்நோக்கி நிற்கும் வண்டியை. ஈட்டிய பொருளைத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் உதவாமல் வைத்திருப்பவனுக்கென்றே 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அவ்வதிகாரத்தை இச்சேகரிப்பாளர்க்குப் பரிந்துரைக்கின்றோம்.

இவ்வளவு அழுத்தமாக யாம் கூறுவதற்கு எம் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. எம் தந்தையார் தில்லி வந்த புதிதில், 1969-இல், ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஓர் எழுத்தரிடம் நாட்டிங்காமில் செய்த ராலே ஒன்றைப் பழையதாக வாங்கினார். சேவா நகர்க் குடியிருப்பிலிருந்து தலைமைச் செயலகத்திற்கு அதிலேயே சென்று வந்தார். அந்நாளில் காலை ஒன்பது மணிக்கு அச்சாலைகளில் கார்களைவிட எழுத்தர்களின் மிதிவண்டிகளே மிகுதி. தந்தையார் மறைந்தபின் சேகரிப்பாளர் ஒருவர் விலை பேச வந்தார். எம் ஒரு திங்கள் ஊதியத்தை நெருங்கும் தொகை அது. மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்தவேண்டிய நேரம். மனம் தடுமாறியது என்பதை மறைக்கவில்லை. நம்பிக்கை வரட்டும் என்று அவர் தம் இல்லத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். மாடியறையில் பதினான்கு வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் சட்டக எண்ணும் ஆண்டும் விலையும் அவருக்கு மனப்பாடம். பின்சக்கரத்தில் சேலை சிக்காதிருக்க வண்ண நூல் வலை கட்டிய பெண்கள் வண்டி ஒன்றும் அங்கிருந்தது. இது யார் ஓட்டியது என்று கேட்டோம். 'அது தெரியாது, ஆனால் வலை அசல்' என்றார். விடைபெறும்போது, 'விற்கும்வரை ஓட்டிவிடாதீர்கள். விலை குறையும்' என்று அன்போடு எச்சரித்தார்.

அவர் தீயவர் அல்லர். அவரைப் போன்றோர் இல்லையெனில் அவ்வண்டிகளிற் பல பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும். அந்த நன்றியை மறுக்க மாட்டோம். ஆயினும் தீயிலிருந்து காத்தவனைச் சிறையில் அடைத்தால் காத்ததன் பயன் என்ன? வீடு திரும்பியதும் தந்தையாரின் வண்டிக்குக் காற்றடித்தோம். கட்டணத்திற்குச் சேமநிதியில் முன்பணம் பெற்றோம். இன்று ஞாயிறுதோறும் அவ்வண்டியில்தான் செல்கின்றோம். பெடலின் பழைய ரப்பர் தேய்ந்தது. புதியது பொருத்திப் பழையதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கின்றோம். சென்ற ஆண்டு பிரேக் கம்பி முறிந்தது. ஜண்டேவாலான் கடைவீதியில் ஒரு முதிய தொழிலாளி அதைப் பற்றவைத்துத் தந்தார். அவர் கைக்கும் அன்று வேலை கிடைத்தது. மகள் அதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாட்டனார் கைப்பிடியை எங்கே பற்றினார் என்பதை, மெருகு தேய்ந்த இடம் அவளுக்குக் காட்டுகின்றது. இதனைப் பதினைந்தாவது வண்டியாக அம்மாடியறையில் நிறுத்தியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருப்பது என்ன?

நம் நாட்டு வண்டிகளுக்கும் இதே நிலை வந்துகொண்டிருக்கின்றது. ஆசன்சோலின் சென்-ராலே ஆலை இன்று இயங்கவில்லை. 1951-இல் தொடங்கிய அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை, 2020 ஜூன் 3-ஆம் நாள், உலக மிதிவண்டி நாளன்றே, நின்றது. நேற்றுவரை எழுத்தரும் ஆசிரியரும் அஞ்சல்காரரும் ஓட்டிய வண்டிகள் நாளை 'அரும்பொருள்' ஆகும், விலையும் ஏறும். அப்போது வாயிலில் வந்து விலை கேட்பவரிடம் என்ன கூறுவது என்பதை இன்றே எண்ணி வைத்தல் நன்று.

அன்பர்களே, உங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ் தந்தையார் வண்டியோ மாமனார் வண்டியோ நின்றிருக்கலாம். அதை விற்பதற்கு முன், பூட்டுவதற்கு முன், ஒரு முறை வெளியே எடுங்கள். கிரீஸ் மாற்றுங்கள்; டயர் மாற்றுங்கள்; பிரேக்கைச் சரிபாருங்கள். விடியற்காலையில் நெரிசல் இல்லாத தெருவில் ஒரு சுற்று வாருங்கள். அதன்பின் விற்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.