பூவாடை போர்த்திய மது

பினாங்குத் தீவின் தென்கிழக்கே உள்ள பாயான் லெப்பாஸ், 1972ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரமாக உருப்பெற்றது. மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கு வேலை தேடி வந்தனர். அவர்களுள் படித்து உயர்ந்தோர் சிலரின் இல்லங்களில் இன்று புதியதொரு விருந்தோம்பல் புகுந்திருக்கிறது. சங்குப்பூவை ஜின்னில் ஊறவைக்கின்றனர். சிறிது நேரத்தில் அது ஆழ்ந்த நீலமாகிறது. லிச்சிப் பழச்சாறும் ரோஜாச் சர்பத்தும் சேர்த்துப் பனிக்கட்டியிட்டு, இறுதியில் எலுமிச்சையைப் பிழிகின்றனர். புளிப்புப் பட்டதும் நீலம் ஊதாவாக மாறுகிறது. விருந்தினர் கைதட்டுகின்றனர்.

கண்ணுக்கு இனிய காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதே இல்லத்தார், தோட்டத்துத் தொழிலாளி மாலையில் ஒரு குவளை கள்ளருந்தினால், 'இனம் உருப்படாததற்கு இந்தக் குடியே காரணம்' என்று மேடையேறி முழங்குவது எங்ஙனம் பொருந்தும்? தாத்தா குடித்தது இழிவு, பேரன் கலக்குவது நாகரிகம் என்ற தீர்ப்பை வழங்கியவர் யார்?

ஜின்னின் வரலாற்றை அறிந்தோர் நகைப்பர். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் அது ஏழைகளின் மலிவுச் சாராயம். அந்நாட்டுச் சம்சு எனலாம். அதனை ஒடுக்க 1736இலும் 1751இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஓவியர் ஹோகார்த் 1751இல் வெளியிட்ட 'ஜின் சந்து' என்னும் படத்தில், குடித்து மயங்கிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அந்த ஜின்தான் பின்னர்க் கடல் கடந்து மலாயாவின் துரைமார் பங்களாக்களில் 'ஜின் பாகித்' என்னும் பெயரோடு மதிப்புப் பெற்றது. துரை தாழ்வாரத்தில் அதைப் பருகினார். தொழிலாளிக்கோ தோட்டத்திலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. அன்றாடக் கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. அதை எதிர்த்துக் கெடாவில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில், 1947இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். காவல்துறையோடு மோதல் நேர்ந்தது, உயிரும் போயிற்று. பங்களாவின் தாழ்வாரத்தை மறித்தவர் எவருமில்லை.

இனி அளவைப் பார்ப்போம். கள்ளில் சாராயம் நூற்றுக்கு ஐந்து என்று கொண்டால், 360 மில்லிலிட்டர்க் குவளையில் 18 மில்லிலிட்டர் சாராயம் இருக்கும். நூற்றுக்கு நாற்பது வலிமையுள்ள ஜின்னில் 45 மில்லிலிட்டர் எடுத்தால் அதிலும் அதே 18. கள்ளுக்குவளை வயிற்றை நிறைத்துத் தன்னைத் தானே அறிவித்துவிடும். அதன் நாற்றமும் ஊரறியும். பூ மணக்கும் கண்ணாடிக் குவளையோ சர்க்கரையாலும் புளிப்பாலும் சாராயத்தின் காரத்தை மறைக்கிறது. போதாக்குறைக்கு, வீட்டில் அளவுக்கிண்ணம் வைத்து ஊற்றுவோர் சிலரே. கைபோன போக்கில் சாய்த்தால் 45 என்பது எளிதில் 90 ஆகும். அத்தகைய இரு குவளைகள் பருகியவர் நான்கு குவளைக் கள் குடித்தவரே. தாம் பழச்சாறு அருந்தியதாகவே அவர் எண்ணுகிறார்.

சங்க இலக்கியத்தைச் சான்றுக்கு அழைப்போரும் உளர். யவனர் கலத்தில் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் பாடவில்லையா என்பர். பாடினார். பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழையும் முளையையும் சேர்த்துச் சாடியில் மது வடிக்கும் முறையையே விரித்துரைக்கிறது. தமிழர் குடித்ததே இல்லை என்பது பொய். ஆயினும், அச்சான்று அரசனின் தேறலுக்குச் செல்லுமாயின் உழைப்பாளியின் கள்ளுக்கும் செல்ல வேண்டுமன்றோ? பின்வந்த வள்ளுவரும் 'கள்ளுண்ணாமை'யில் பொற்கலத்துக்கு ஒரு நீதி, மட்பாண்டத்துக்கு ஒரு நீதி வகுக்கவில்லை. தான் தெளிந்திருக்கும் வேளையில் பிறன் மயங்கிக் கிடப்பதைக் காண்பவன் தன் நிலையையும் நினைத்துப் பாரானோ என்றே அவ்வதிகாரத்தை முடிக்கிறார். அந்தக் குறளை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், எடுத்துக்காட்டுக்கு எப்போதும் தோட்டத்துக் குடிகாரனையே ஏன் தேட வேண்டும்? மாணவர்க்கு மதுவிலக்குப் பேச்சுப்போட்டி வைத்து, நடுவராய் அமர்ந்து, அன்றிரவே நண்பரின் மாடிவீட்டில் நீலக் குவளையை உயர்த்துவோரும் இருக்கின்றனர்.

ஏழையின் குடியால் உயிர் போகிறதே என்பாருக்கும் விடை உண்டு. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மது பலரைக் கொன்றது; மாண்டோருள் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுதி. நல்ல மது அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. நஞ்சின் பழியை அவர்களது ஒழுக்கத்தின்மேல் சுமத்துவது கொடுமை.

சங்குப்பூவின் நிறம் ஜின்னால் வருவதன்று, வெந்நீரே போதும். பினாங்கின் ஞோஞா சமையலில் புளுட் தாய்தாய்ச் சோற்றுக்கு நீலமூட்டுவது அப்பூவே. பாலேக் பூலாவ் சாதிக்காய்ச் சாற்றைச் சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் அதே ஊதா எழும், குழந்தைக்கும் கொடுக்கலாம். ஜின்னைத்தான் ஊற்றுவேன் என்னும் இல்லத்தார், எத்தனை மில்லிலிட்டர் என்று விருந்தினரிடம் சொல்லி ஊற்றட்டும். அவர்களுள் பலர் பினாங்குப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்கு வண்டியோட்டிச் செல்ல வேண்டியவர்கள். 2020இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டியோட்டி குற்றவாளி. அவர் பருகியது கள்ளா, பூ மணக்கும் ஜின்னா என்று அச்சட்டம் கேட்பதில்லை.