நிறம் வேண்டா; நலம் வேண்டும்!

தில்லிக்குப் படிக்க வரும் தமிழ்ப்பெண் வகுப்பறையில் கற்கும் பாடம் ஒன்று. கண்ணாடியின் முன் நின்று கற்கும் பாடம் மற்றொன்று. முன்னதைக் கற்பிக்கப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பின்னதைக் கற்பிக்கவோ அறைத்தோழி, கடைக்காரர், விளம்பரப் பலகை, செல்பேசித் திரை என ஆசிரியர் பலர் போட்டியிடுகிறார்கள். அவர்கள் அனைவரும் நடத்தும் பாடத்தின் சாரம் ஒன்றே: "சிவப்பாகு!" இந்தப் பாடத்தை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். மேனியைப் பேணுவது வேறு. மேனியை வெறுப்பது வேறு. இவ்விரண்டும் இன்று ஒரே புட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் தட்பவெப்பத்தைப் பார்ப்போம். தமிழகம் முழுவதும் வெப்ப மண்டலத்துக்குள் அடங்கியது. தில்லியோ கடகரேகைக்கு வடக்கே, ஏறத்தாழ 28.6 பாகையில் இருக்கிறது. அதனால் இது குளிர்ந்த ஊர் என்று எண்ணிவிடலாகாது. மே, சூன் திங்கள்களில் வெப்பம் 45 டிகிரியை எட்டும். 'லூ' என்னும் அனற்காற்று முகத்தில் அறையும். சனவரி இரவுகளிலோ 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். கடற்காற்றின் ஈரத்தில் வளர்ந்த மேனிக்கு இவ்விரண்டுமே புதியவை.

ஊரில் நமக்குத் தொல்லை வியர்வையும் எண்ணெய்ப் பசையும். அதற்கேற்பவே நம் வழக்கங்களும் அமைந்தன. பயத்தம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்த நலுங்குமாவு பசையை எடுத்துவிடும். அதே மாவைத் தில்லிக் குளிரில் நாள்தோறும் தேய்த்தால், இருக்கும் சிறிதளவு எண்ணெயும் போய்த் தோல் வெடிக்கும். அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் கல்லாய் உறைந்ததைக் கண்டு, "கெட்டுவிட்டதோ?" என்று கலங்கும் புதுமாணவியர் ஆண்டுதோறும் உண்டு. கெடவில்லை, தோழியரே! ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்பு. உள்ளங்கைச் சூட்டில் உருக்கி, குளித்த ஈரம் முழுதும் உலருமுன் கை கால்களில் பூசுங்கள். பருத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் அதை முகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டா. கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதை விட்டாலே பாதி வறட்சி தீரும். இத்துணை எளிய அறிவை நமக்கு யாரும் விற்க வருவதில்லை. விற்றால் இலாபம் இல்லை!

அடுத்து, நிறத்துக்கு வருவோம். நம் தோலில் மெலனின் என்னும் நிறமி இருக்கிறது. அதைச் செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. கடும் வெயிலின் புற ஊதாக்கதிர்களைத் தடுத்து, உள்ளிருக்கும் அணுக்களைக் காக்கும் குடை அது. மழைக்குப் பிடித்த குடையைக் கறுப்பாயிருக்கிறது என்று வீசி எறிவார் உண்டோ? நம் மேனியின் நிறம் வெயில் நாட்டில் வாழ்ந்த முன்னோர் நமக்குத் தந்த சீதனம். அதைக் குறை என்று நம்பவைத்தது இயற்கையன்று; வாணிகமும் வழக்கமும்.

அந்த வாணிகத்துக்கு வரலாறு உண்டு. பம்பாயில் 1919-இல் 'ஆப்கன் ஸ்நோ' என்னும் முகப்பூச்சு வந்தது. 1975-இல் 'ஃபேர் அண்டு லவ்லி' வந்து வீட்டுக்கு வீடு புகுந்தது. மகன் இல்லையே என்று வருந்தும் தந்தையின் மகள், களிம்பு பூசிச் சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகி, அவர் கவலையைத் தீர்ப்பதாக ஒரு விளம்பரம் காட்டியது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதனை எதிர்த்து முறையிட்டது. 2003-இல் அவ்விளம்பரம் நிறுத்தப்பட்டது. கறுப்பாய் இருப்பவர்களைத் தாழ்த்திக் காட்டலாகாது என்று 2014-இல் விளம்பரத் தரக் குழு விதி வகுத்தது. 2020-இல் அந்தக் களிம்பு தன் பெயரையே 'குளோ அண்டு லவ்லி' என மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, ஆசை மாறிற்றா? 'சிவப்பு' என்ற சொல் போன இடத்தில் 'பொலிவு' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவே.

ஆசை வெறும் ஆசையாய் நின்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். அது மேனியையே அழிக்கிறது. என் விடுதித் தோழி ஒருத்தி, முகத்தில் கருந்திட்டு என்று ஒரு மருந்துக் கடைக்குப் போனாள். மருத்துவர் சீட்டு ஏதும் கேட்காமல் ஒரு சிறு குழாய்க் களிம்பைக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் வெளுத்தது, விடுதியே வியந்தது, நால்வர் அதையே வாங்கினர். மூன்று திங்கள் சென்றபின் அவள் வெயிலில் நிற்க முடியாமல் தவித்தாள். கன்னத்தில் செந்நரம்பு படர்ந்தது, பரு கிளம்பியது. பூசுவதை நிறுத்தினாலோ தீயாய் எரிந்தது. அதற்கு அஞ்சி மீண்டும் பூசினாள்.

அக்களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கி, நிறத்தையும் சிலகாலம் வெளுக்கச் செய்யும்; நாளடைவில் தோலை மெலியச் செய்துவிடும். மருத்துவர் கண்காணிப்பில், குறித்த நோய்க்கு, குறித்த நாள் மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. அழகுப்பூச்சாக்கினால் நஞ்சு. இந்நிலை நாடெங்கும் பரவியதால்தான், தோல் மருத்துவர்கள் வற்புறுத்தியதன்மேல், இத்தகைய களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் நடுவணரசு ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது. களிம்பு கடையில் கிடைக்கிறது!

பாதரசத்தின் கதையும் உண்டு. இதே தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 32 சிவப்பழகுக் களிம்புகளைச் சோதித்தது; 14-இல் பாதரசம் இருந்தது. நிறமி உண்டாவதைத் தடுக்கும் அந்த உலோகம் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது. முகவரியில்லாத புட்டிகளை மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்குமுன் இதனை எண்ணிப் பாருங்கள்.

"அப்படியானால் பாட்டி வைத்தியமே போதும்" என்று சிலர் முழங்குவர். அவர்களுக்கும் ஒரு சொல். மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய சான்றுகளைக் காட்டி வழக்காடியது; 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பெருமைப்படுவோம். ஆனால் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே அங்குச் சான்று காட்டினார்கள். கறுப்பைச் சிவப்பாக்கும் என்பதற்கன்று. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடந்தால் தோல் புண்ணாகிக் கருக்கும். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? வெயிலுக்குக் குடையோ துப்பட்டாவோ, முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30 உள்ள வெயில்காப்புப் பூச்சு. அது அந்தக் கதிர்களில் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்று போட்டதோ 98 விழுக்காடே தடுக்கும். ஒரு விழுக்காட்டுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. வெளியில் நெடுநேரம் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுவதே முக்கியம். குளிருக்கு எண்ணெயோ வாசலைனோ. நோய்க்கு மருத்துவர், சப்தர்ஜங்கு போன்ற அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. கடைக்காரர் மருத்துவரல்லர், அறைத்தோழியும் அல்லள்.

"என் முகம், என் விருப்பம், நீ யார் கேட்க?" என்று ஒரு தோழி என்னைக் கேட்டாள். நேர்மையான கேள்வி. மை தீட்டலாம், உதட்டுச்சாயம் பூசலாம்; அது அவரவர் விருப்பமே. ஆனால் பெண் பார்க்க வந்தவர் சொல்வாரே, சக மாணவர் சிரிப்பாரே என்னும் அச்சத்தில் பூசுவதை விருப்பம் என்று நான் ஒப்பமாட்டேன்.

அந்த அச்சத்தைத் தருபவர் யார்? வடநாட்டார் நம்மைக் கறுப்பர் என்கிறார்கள் என்று குமுறுகிறோம். குமுறுவோம், ஆனால் நம் சங்க நாடகங்களில் இளவரசி வேடம் யாருக்குப் போகிறது, தோழி வேடம் யாருக்கு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். குரலும் நடிப்பும் சிறந்தவள் பின்வரிசையில் நிற்க, நிறம் ஒன்றே தகுதியாய் ஒருத்தி முன்னே நின்றதை நாம் கண்டதில்லையா? 'கறுப்பி' என்று நம் ஊர் மாணவரே அழைத்து நகைப்பதைக் கேட்டதில்லையா? பிறர் சொன்னால் இழிவு, நாம் சொன்னால் நகைச்சுவையா?

ஆகவே சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். வரும் ஆண்டுவிழா நாடகத்துக்கு நடிப்பவரைத் திரைக்குப் பின்னிருந்து வசனம் பேசவைத்துத் தேர்ந்தெடுங்கள். குரலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். புதிதாய் வரும் மாணவியர்க்குத் தில்லிக் குளிரையும் வெயிலையும் பற்றியும், சீட்டில்லாக் களிம்பின் தீமை பற்றியும் ஒரு பக்கத் துண்டுத்தாள் கொடுங்கள். எழுதித்தர நான் அணியமாயிருக்கிறேன்.

தோழியரே, நமக்கு மாதந்தோறும் வரும் பணம் சிறிது. படிக்க வேண்டிய நூல்களோ பல. இருக்கும் நிறத்தை இழப்பதற்கு அந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள்!