திருக்கையோடு ஒரு ரீல்? கொஞ்சம் பொறுங்க!

செமஸ்டர் கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி உங்க ஹாஸ்டல் குரூப்பில் என்ன ஓடும்? "மச்சி, எங்கயாவது போலாமா?" எங்க குரூப்பிலும் அதேதான் ஓடியது. அதோடு யாரோ ஒருத்தன் ஒரு ரீலும் போட்டான். கண்ணாடி மாதிரி தண்ணீர், இடுப்பளவு ஆழம், சுற்றிச் சுற்றி வரும் திருக்கைகள், நடுவில் நின்று சிரிக்கும் டூரிஸ்ட்டுகள். "இதே மாதிரி நம்ம மாமல்லபுரத்துல பண்ணா எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தான்.

எப்படி இருக்கும்னு நான் சொல்றேன். ஏன்னா நாங்க போனோம். அதில் நாங்க செய்த ஒரு காரியத்தைச் சொல்லிட்டு, உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஒரு குப்பம். மொத்தம் 5 பேர். ஆன்லைனில் வாங்கிய 2 ஸ்நார்க்கல் செட். லைஃப் ஜாக்கெட் யாருக்கும் கிடையாது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அலையைத் தாண்டும்போது ஃபைபர் படகு மூக்கைத் தூக்கி 'டம்'மென்று விழுந்தபோதுதான் புரிந்தது. படகோட்டி அண்ணன் மட்டும் ஆடாமல் நின்றார்.

தண்ணீரில் இறங்கி முகத்தை உள்ளே விட்டால், பச்சை. வெறும் பச்சை. நீட்டிய கை மணிக்கட்டுக்கு மேல் தெரியவில்லை. "இங்க அப்படித்தான் தம்பி. நீவாடு ஓடுது, மணல் கெளம்பும்" என்றார் அண்ணன். நீவாடு என்றால் நீரோட்டம். வருஷத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் அலைகள் நம்ம கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ரீலில் பார்த்த கடலுக்கு முன்னால் அலையைத் தடுக்கப் பவளப்பாறை இருக்கிறது. நமக்குத் திறந்த வங்காள விரிகுடா. ஒரே கடல்தானே என்று நினைத்துப் போனது எங்க தப்பு.

அரை மணி நேரம் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படகில் ஏறினோம். அண்ணன் முந்தின நாள் போட்டிருந்த வலையை இழுக்க ஆரம்பித்தார். அதில் வந்தது திருக்கை. சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிசு. அவர் செய்த முதல் வேலை, கத்தியை எடுத்து முள்ளோடு சேர்த்து வாலை நறுக்கியது. முள் கையில் ஏறினால் மாசக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாது என்றார்.

என் ரூம்மேட் உடனே 500 ரூபாயை நீட்டினான். "அண்ணே, அதைத் தண்ணில விடுங்கண்ணே. ஒரே ஒரு வீடியோ." அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். விட்டார். ரூம்மேட் பக்கத்தில் குதித்தான். நான் மேலிருந்து ஷூட் பண்ணினேன். 9 செகண்ட். திருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே கீழே போய் மறைந்தது.

கரைக்குத் திரும்பும்போது அண்ணன் சொன்னார்: "காசு குடுத்தீங்க, விட்டேன். அது பொழைக்குமான்னு ஒருத்தரும் கேக்கலியே தம்பி."

அந்த வீடியோவுக்கு நாங்க வைத்த தலைப்பு: 'நடுக்கடலில் ஒரு திருக்கையைக் காப்பாற்றினோம்.' எக்கச்சக்க லைக்ஸ்.

இப்போ அந்த ரீலில் பார்த்த இடத்துக்கு வருவோம். அது கரீபியன் கடலில் கிராண்ட் கேமன் தீவு. அங்கே மீனவர்கள் அலையில்லாத ஒரு மணல்திட்டுப் பக்கம் படகை நிறுத்தி, பிடித்த மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கடலில் போடுவார்கள். அதைத் தின்னத் திருக்கைகள் வர ஆரம்பித்தன. 1980-களில் டைவர்கள் கண்டுபிடித்தார்கள். பிறகு டூர் படகுகள். கையில் இரை கொடுப்பது, கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுத்தால் 7 வருஷம் அதிர்ஷ்டம் என்று கைடுகள் கதை விடுவது எல்லாம் வந்தது.

திருக்கைக்கு என்ன ஆனது? வழக்கமாக ராத்திரியில் இரை தேடும் விலங்கு அங்கே பகலில் படகுச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. பெரும்பாலும் தனியாகத் திரிவது, சின்ன இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிக்கிறது. 2013-இல் வந்த ஓர் ஆய்வு அவற்றை டேக் செய்து, பக்கத்தில் இரை போடப்படாத திருக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து இதைச் சொன்னது. நம்ம பாடத்தில் வரும் பாசிட்டிவ் ஃபீட்பேக்தான் இது. இரை போட்டால் மீன் வரும், மீன் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் இன்னும் இரை. இப்போது அங்கே திருக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்குவது சட்டப்படி தப்பு. அந்த விதி வேண்டியிருந்தது என்பதிலேயே மனுஷன் என்ன செய்திருப்பான் என்று தெரிகிறது.

அந்தக் கடலில் நடந்தது இங்கே நடக்காது என்று நினைக்காதீங்க. ஈசிஆரில் சர்ஃபிங் வந்தது, ஸ்கூபா வந்தது. 'திருக்கையைத் தொட்டுப் பாருங்கள்' என்று ஒரு போர்டு வர எவ்வளவு நாள் ஆகும்? நாம எதுக்கு 500 ரூபாய் நீட்டுறோமோ, அதைத்தான் நாளைக்கு யாராவது பேக்கேஜாகப் போட்டு விற்பார்கள். அந்த டிமாண்ட் நாமதான்.

நீங்க கேட்பீங்க: "மீனவர் பிடிச்சுக் கொல்லலாம், நான் தொடக்கூடாதா?" நியாயமான கேள்வி. நானும் திருக்கைக் குழம்பு சாப்பிடுறவன்தான். திருக்கை வலை என்று அதுக்கென்றே தனி வலை உண்டு. அது அவர்கள் சோறு. ஆனால் அந்தத் தொழிலிலும் சிக்கல் இருக்கிறது. திருக்கை, சுறாவின் உறவு. மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டை போடாது. குட்டி போடும், அதுவும் சில குட்டிகள்தான். வளரவும் நாளாகும். உலகின் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்புக்குப் போகிறது என்று 2021-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். முக்கியக் காரணம், அளவுக்கு மீறிப் பிடிப்பது. உடம்பெல்லாம் முள் உள்ள ஒரு திருக்கை வகையை 2001-லேயே நம்ம நாடு புலிக்குச் சமமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. பசிக்காகப் பிடிப்பதையே யோசித்துச் செய்ய வேண்டிய நிலையில், 9 செகண்ட் வீடியோவுக்காக ஒன்றைச் சாகவிட்டோம். அதுதான் என்னை உறுத்துகிறது.

கடலில் திருக்கையைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கணும். மணலுக்குள் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும். மணலுக்கடியில் ஒளிந்திருக்கும் நண்டின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை வாய்ப்பக்கம் உள்ள நுண்துளைகளால் உணரும். சென்சார் லேபில் தலையைப் பிச்சுக்கிற நமக்கு அது பெரிய வாத்தியார். ஆனால் எப்படிப் பார்க்கணும்?

ஒன்று, பயிற்சி பெற்ற டைவிங் பயிற்றுநரோடு, லைஃப் ஜாக்கெட்டோடு, தண்ணீர் தெளிந்திருக்கும் காலத்தில் போங்க. எங்களை மாதிரிப் போகாதீங்க.

இரண்டு, இரை போடாதீங்க, தொடாதீங்க, துரத்தாதீங்க. அது விலகினால் சந்திப்பு முடிந்தது. முதலை வேட்டைக்காரர் என்று டிவியில் பார்த்த ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியக் கடலில் திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்து இறந்தார். அது ரொம்ப அபூர்வம். சீண்டாமல், மிதிக்காமல் இருந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். ஆழமில்லாத இடத்தில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்க, அதிர்வு கேட்டு ஓடிவிடும். காலில் குத்திவிட்டால், தாங்கும் அளவு சூடான தண்ணீரில் (45 டிகிரியைத் தாண்டாமல்) காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நெஞ்சு, கழுத்து, வயிற்றில் பாய்ந்த முள்ளை நீங்களே பிடுங்காதீங்க.

மூன்று, நாளைக்கு நம்ம கரையில் இப்படி ஒரு படகுச் சவாரி வந்தால், அதை நடத்துவதும் சம்பாதிப்பதும் அந்தக் குப்பத்து ஆட்களாக இருக்கட்டும். எங்கே எந்தத் தண்ணீரில் திருக்கை படுக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கடலில் உயிரோடு திரியும் ஒரு திருக்கை அவர்களுக்கும் வருமானம் தரும் என்றால், அதைக் காப்பாற்ற நம்ம லைக்ஸ் தேவைப்படாது.

அதுவரைக்கும் செலவே இல்லாத ஒரு வழி சொல்றேன். விடியற்காலையில் ஏதாவது ஒரு குப்பத்துக் கரையில் போய் நில்லுங்க. வலை பிரிக்கும்போது கேளுங்க. ஒவ்வொரு திருக்கைக்கும் ஒரு பேர் சொல்வார்கள். எனக்கு அந்த அண்ணன் 4 பேர் சொல்லிக்கொடுத்தார். வீடியோ எடுத்த அன்னைக்கு இல்லை. அடுத்த மாசம், தனியாகப் போய் மன்னிப்புக் கேட்ட அன்னைக்கு.

ரூம்மேட் இன்னும் அந்த ரீலை டெலிட் பண்ணவில்லை. கேட்டால், "விட்றா, நல்ல வியூஸ்" என்கிறான். இந்தக் கட்டுரை வந்ததும் அவனுக்குத்தான் முதலில் அனுப்பப் போறேன். அந்த ரீல் உங்க ஃபீடிலும் வந்திருக்கலாம். லைக் போட்டிருந்தா, எடுத்துடுங்க.