பனங்கொட்டையும் பள்ளிக்கூடமும்

விதை முளைத்தற்கு வேண்டுவன யாவை என்று தொடக்கப்பள்ளிச் சிறுவரை வினவின், நீர், காற்று, வெப்பம் எனத் தடையின்றி விடை கூறுவர். முளையின் படத்தையும் வரைந்து காட்டுவர். ஆயின், வித்து ஒன்றைத் தம் கையால் ஊன்றி, அது முளைக்குமளவும் காத்திருந்தவர் அவருள் எத்துணையர்? சொல்லைக் கற்றனர்; பொருளைக் கண்டிலர். இளஞ்சிறார்க்கு இப்பாடத்தைக் கைத்தொழில் வாயிலாகவே கற்பித்தல் வேண்டும் என்பதும், முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற நம் கரையில் அதற்குப் பனையினும் சிறந்த துணையில்லை என்பதும் எம் கருத்து.

கையால் செய்து கற்றல் என்பது புதிய கொள்கையன்று. ஜெர்மானிய அறிஞர் ஃபிரோபெல் 1840ஆம் ஆண்டில் தம் பள்ளிக்குச் 'சிறுவர் தோட்டம்' என்னும் பொருள்படப் பெயரிட்டு, குழந்தைகள் பாத்தி பேணிப் பயிலச் செய்தார். காந்தியடிகள் தலைமையில் 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி புகட்டல் வேண்டும் எனத் தீர்மானித்தது.

நம் ஊர்களில் இதனைச் செய்யுமாறு எங்ஙனம்? திருச்செந்தூர், உடன்குடி, மணப்பாடு ஆகிய பக்கங்களில் பதநீர் பருக ஓலையை மடித்துப் பட்டை பிடிப்பதைக் காணாத சிறுவர் அரியர். அப்பட்டையை அவர்களே மடிக்கட்டும். அதில் மணலும் எருவும் இட்டு, சிறுபயறு நான்கினை ஊன்றி, நாள்தோறும் நீர் தெளிக்கட்டும். அன்றே பள்ளி முற்றத்தில் மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, பனங்கொட்டைகளை அடுக்கி மூடட்டும்.

சில நாளிற் பயறு முளைத்து, அதன் இரு பருப்பும் மண்ணுக்குமேல் வந்து விரியும். பாத்தியிலோ ஒன்றும் தோன்றாது. கொட்டை கெட்டுப்போயிற்று என்றே சிறுவர் எண்ணுவர். சில வாரங்கள் சென்றபின் ஆசிரியர் ஒன்றைத் தோண்டிக் காட்டுக. முளை மேல்நோக்காது கீழ்நோக்கிச் சென்றிருக்கும்! வித்திலையின் காம்பு நீண்டு, இளங்கருவைச் சுமந்து மண்ணுள் இறங்குகின்றது. மேல்மண் வெயிலிற் காயும் நிலத்தில் கருவை ஆழத்திற் சேர்க்கும் உபாயம் இஃது. கொட்டையை அரிவாளால் வெட்டின் உள்ளே வெண்ணிறத் தவுன் காணப்படும். வன்மையான பருப்பைக் கரைத்து முளைக்கு ஊட்டும் உறுப்பு அதுவே. அதன் சுவையை அறிந்த சிறுவர் பலர். அதன் தொழிலை அறிந்தவர் சிலர். மூன்று நான்கு திங்களிற் கிழங்கு முற்றும். அதனைப் பிளந்தால் நடுவே தோன்றும் பீலி, பின்னர் ஓலையாக வெளிவரற்குரியது.

தமிழ் பயில்வார்க்கும் இங்கு ஒரு விருந்துண்டு. புறத்தே வயிரமுடையன புல் என்றும், அகத்தே வயிரமுடையன மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கும். அவ்வழி, வானுயர் பனையும் புல்லே. இக்காலத் தாவர நூலாரும் பனையை நெல்லோடும் புல்லோடும் ஒருவித்திலைத் தாவரமாகவே கொள்வர்.

பாடங்களை முடித்தற்கே நாள் போதாது என்பர் சிலர். நாளொன்றுக்குச் சில நிமிடமே இதற்கு வேண்டுவது. ஆவணியிற் பழம் விழுகின்றது. புரட்டாசியிற் பாத்தி கட்டினால் தைப்பொங்கலையொட்டிக் கிழங்கு கிடைக்கின்றது. யாவும் பள்ளியாண்டினுள் அடங்கும், பொருட்செலவும் இல்லை.

இதனினும் பெரியதொன்று உண்டு. பனையேறுவார் இல்லத்துக் குழந்தை, பாத்தி கட்டும் முறையைத் தாயிடம் கண்டு வளர்கின்றது. பள்ளியிலோ, நூலில் வரைந்த அவரை விதையே அறிவு எனவும், தாய் இட்ட பாத்தி அறிவன்று எனவும் எண்ணப் பழகுகின்றது. தன் வீட்டை நாணக் கற்பிக்கும் கல்வி கல்வியாகுமோ? அத்தாயைப் பள்ளிக்கு அழைத்துப் பாத்தி கட்டச் செய்யின், குழந்தை அறிவையும் பெறும். தாயின் பெருமையையும் உணரும். பனையை மாநில மரம் என்று பெயரளவிற் போற்றுதலினும் இது நன்று.

எதிர்காலத்தில் ஆசிரியராக அமையவிருக்கும் மாணவ நண்பர்காள்! நும் வகுப்பிற் கிழங்கு பறிக்கும் நாளில், ஒவ்வொரு சிறுவனும் ஒரு முளையையேனும் பறியாது காத்துக் குளக்கரையில் நடுமாறு செய்ம்மின். அது பாளை விடப் பத்தாண்டுக்கு மேலும் ஆகும். அத்துணைக் காலம் காத்திருக்கக் கற்பதும் கல்வியே.